இது எந்தப் பாத்தி?

கலாமணிக்கு முப்பது சென்ட் நிலம். தெய்வாத்தாளுக்கு நாலு ஏக்கர். ஆனாலும் உழவர் சந்தையில் கலாமணிதான் குரு, தெய்வாத்தாள்தான் சீடர். வயதும் தலைகீழ்தான். குருவுக்கு முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பது.

தெய்வாத்தாள் வீட்டில் இருபத்தைந்து வருஷமாகக் கத்தரிக்காய் போட்டார்கள். காயெல்லாம் காளியண்ணனின் மண்டிக்குப் போகும். காளியண்ணன் மண்டியும் வைத்திருந்தார், ஊருக்கு மேற்கே செங்கல் சூளையும் வைத்திருந்தார். மண்டியில் அவர் சொன்னதுதான் விலை. அந்த வருஷம் ஆனி மாதத்தில், காயை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். தெய்வாத்தாளின் கணவர் நாச்சிமுத்து கொட்டினார். கொட்டிவிட்டு நின்றவரைக் காளியண்ணன் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மேற்குப் பக்கத்து இரண்டு ஏக்கரின் செம்மண்ணைச் சூளைக்குக் கேட்டார். பத்தடி ஆழம் எடுப்பார்களாம்.

நாச்சிமுத்து தலையாட்டிவிட்டு வந்தார். தெய்வாத்தாள் ஆட்டவில்லை. பத்தடி தோண்டிய பிறகு அது தோட்டமாகவும் இருக்காது, குளமாகவும் இருக்காது, ஆடுகூட அதில் இறங்காது என்றாள். அன்றைக்கு அடுப்பு பற்றவில்லை. மறுநாளும் பற்றவில்லை.

மூன்றாம் நாள் பேச்சு முடிவானது. தை பிறக்கும்வரை அவளுக்கு அவகாசம். உழவர் சந்தையில் விற்றே அவள் குடும்பத்தை நடத்திக் காட்டினால் மண் தப்பும். நடத்த முடியாவிட்டால் தை இரண்டாம் தேதி பொக்லைன் வரும். நாச்சிமுத்து இதைக் காளியண்ணனிடமும் போய் வாக்காகச் சொல்லிவிட்டு வந்தார்.

தெய்வாத்தாள் அடையாள அட்டை எடுத்தாள். அட்டையில் அவள் படம் இருந்தது, அவள் நிலத்தின் அளவு இருந்தது, பயிர் என்ற இடத்தில் கத்தரி என்று ஒரே வார்த்தை இருந்தது. முதல் நாள் பதினான்கு கிரேட் கத்தரிக்காயோடு வந்து, வாசலில் சந்தை கொடுக்கும் தராசை வாங்கிக்கொண்டு, இருபத்திரண்டாம் கடையில் உட்கார்ந்தாள். மண்டிக்கு அடுக்குவதுபோலவே பளபளப்பான காயை மேலே வைத்து, கோணல் காயை அடியில் வைத்திருந்தாள். வாங்க வந்தவர்கள் அடியில் கைவிட்டுப் பார்த்தார்கள். பத்து மணிக்கு இரண்டு கிரேட் காலியாகியிருந்தது. மீதிப் பன்னிரண்டும் அப்படியே இருந்தன.

பக்கத்துக் கடை கலாமணியுடையது. எட்டு மணிக்கெல்லாம் அவளிடம் ஒரு கீரைக்கட்டுகூட இல்லை. தராசுத் தட்டைத் துடைத்து, சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

தெய்வாத்தாள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அம்மிணி, உனக்கு மட்டும் எப்படித் தீருது?”

“கொஞ்சமா இருந்துச்சு. தீந்துருச்சுங்க்கா.”

“எனக்கு நாலு ஏக்கரா இருக்குது. சந்தையை வெச்சு இதைப் பெருசு பண்றது எப்படின்னு நீ சொல்லித் தரோணும்.”

கலாமணி அவளையும் பன்னிரண்டு கிரேட்டையும் பார்த்தாள்.

“நாளைக்குச் சரக்கில்லாம வாங்க.”

மறுநாள் தெய்வாத்தாள் வெறுங்கையோடு வந்தாள். கலாமணி அவளைச் சந்தையின் வெளிவாசலில் நிறுத்தினாள். ஒன்பது மணிவரை அங்கேயே நிற்க வேண்டும், வெளியே போகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பைக்குள் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

தெய்வாத்தாள் நின்றாள். பிறத்தியார் பையை எட்டிப் பார்ப்பது லேசான வேலையில்லை. ஒரு பெண் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முறைத்தாள். காவல்காரர் வந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. ஆனாலும் ஒன்பது மணிவரை நின்றாள்.

“பையில என்ன இருந்துச்சுங்க்கா?” என்று கலாமணி கேட்டாள்.

“தக்காளி. வெங்காயம். பச்ச மொளகா. ஒரு கட்டுக் கீரை. வெண்டையோ அவரையோ ஒரு புடி. முருங்கக்காய் ரெண்டு. மல்லித்தழை.”

“கத்தரிக்காய்?”

“இருந்துச்சு. கால் கிலோ. சில பையில அதுவும் இல்ல.”

“உங்க தோட்டத்துல?”

தோட்டத்தில் கத்தரி மட்டும்தான். லாரி நிறைய வேண்டும் என்றால் ஒரே நாளில் ஒரே நாற்றை நடுவார்கள். ஒரே வாரத்தில் காய் பறிப்பார்கள். இருபத்தைந்து வருஷம் அவள் லாரிக்குத்தான் பயிர் செய்திருக்கிறாள். ஒரு பையைக்கூட அதுவரை எட்டிப் பார்த்ததில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும், காய்த்துக்கொண்டிருந்த கத்தரிச் செடியில் முக்கால்வாசியைப் பிடுங்க ஆரம்பித்தாள். மேற்குப் பக்கத்து இரண்டு ஏக்கரைத்தான் முதலில் எடுத்தாள். நாச்சிமுத்து மோட்டார் ரூம் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். டீக்கடையில் போய், முப்பது சென்ட்டுக்காரியிடம் நாலு ஏக்கராக்காரி பாடம் படிக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடுவரை வந்து சேர்ந்தது.

தெய்வாத்தாள் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“முப்பது சென்ட்டுக்காரி எட்டு மணிக்குச் சாக்க மடிக்கறா. நாலு ஏக்கராக்காரி பன்னெண்டு கிரேட்டத் திருப்பித் தூக்கிட்டு வர்றா. இதுல யாரு யாருகிட்டப் படிக்கோணும்? டீக்கடையில அதையும் கேட்டுட்டு வாங்க.”

நாச்சிமுத்து அதைக் கேட்டுவிட்டு வரவில்லை.

இரண்டு ஏக்கரைப் பதினாறாகப் பிரித்தாள். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு சென்ட் வரும். அதைப் பாத்தி என்று சொல்ல முடியாதுதான், ஆனாலும் அவள் பாத்தி என்றே சொன்னாள். வடமேற்கு மூலையில் வேலியோரம் கொஞ்சம் இடம் சரளைக்கல்லாகக் கிடந்தது. அதை மட்டும் விட்டுவிட்டாள். ஆடியில் வெண்டை, கொத்தவரை, பீர்க்கன் ஊன்றினாள். பத்து நாள் கழித்து முள்ளங்கி. இன்னும் பத்து நாள் கழித்துச் சிறுகீரை. அப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள், ஒரே வாரத்தில் எல்லாம் வந்து நிற்கக் கூடாது என்று.

விதை முளைத்ததும் கலாமணியிடம் போய்ச் சொன்னாள். அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

“ஒவ்வொரு பாத்திக்கும் பேரு வெய்யுங்க. விக்கறப்ப அந்தப் பேரச் சொல்லிக் குடுங்க.”

“காய் வாங்கறவங்களுக்கு எங்க பாத்திப் பேரு எதுக்கு அம்மிணி?”

எதிரே தையல்கடை ஹனீபா பாய் நின்றுகொண்டிருந்தார். தினமும் முதல் ஆளாக வந்து எல்லாவற்றிலும் கால் கிலோ வாங்குகிறவர். கலாமணி ஒரு கட்டுச் சிறுகீரையை எடுத்து அவர் பையில் வைத்தாள்.

“தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல வந்தது பாய். சோப்புத் தண்ணி போகாத பக்கம்.”

“அது தெரியும்மா. நீ அந்தப் பக்கந்தான் தருவே,” என்றார் அவர்.

தெய்வாத்தாள் பெயர் வைத்தாள். கிணற்றடிப் பாத்தி, தொட்டிப் பாத்தி, வேப்பமரப் பாத்தி, கன்றுக்குட்டி கட்டுகிற பாத்தி. எட்டுப் பெயர்வரை சுலபமாக வந்தது. அதற்குமேல் வரவில்லை. ஒரு நாள் முள்ளங்கி எப்படி இருக்கிறது என்று பார்க்க (பார்க்க வந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை) நாச்சிமுத்து வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி, சேற்றில் வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். ஒன்பதாம் பெயரும் கிடைத்தது.

புரட்டாசியில் கடையில் ஒன்பது வகை இருந்தது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான். ஊரே கவிச்சியை விட்ட மாதம், எட்டரைக்குமேல் எதுவும் மிஞ்சுவதில்லை. ஹனீபா பாய் கலாமணியிடம் கீரை வாங்கிவிட்டுத் தெய்வாத்தாளிடம் திரும்புவார்.

“மாமா விழுந்த பாத்தி முள்ளங்கி இருக்காம்மா?”

“இருக்குதுங்க பாய்.”

“மாமாவுக்கு அடி ஒண்ணுமில்லையே?”

“முள்ளங்கிக்கு ஒண்ணுமில்லீங்க.”

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அடுத்த நாள் அவர்களும் அதே முள்ளங்கியைக் கேட்பார்கள். கட்டினவனைப் பார்த்து ஊரே சிரிக்க வைத்துவிட்டாயே என்று நாச்சிமுத்து நாலு நாள் பேசாமல் இருந்தார். ஐந்தாம் நாள், தான் விழுந்த பாத்திக்குத் தண்ணீர் சரியாகப் பாயவில்லை என்று வாய்க்காலை வெட்டிவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பதினோரு நாள் விடவில்லை. வெண்டை மஞ்சளாகிப் படுத்தது. கீரை வேரோடு அழுகியது. பீர்க்கன் பந்தல் சாய்ந்தது. பன்னிரண்டாம் நாள் தெய்வாத்தாள் பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தாள். பறிக்க எதுவும் இல்லை. தைக்கு இரண்டு மாதமும் சில நாளும் இருந்தன. அவள் விரல் விட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

அன்று சாயங்காலம் காளியண்ணன் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தார். தங்கச்சி என்றுதான் பேசினார். மழை யாரையும் விடவில்லை என்று வருத்தப்பட்டார். கடை காலியாக இருந்தால் வாடிக்கை கலைந்துவிடும், கலைந்தது திரும்பாது என்றார். மலையிலிருந்து தனக்குச் சரக்கு வருகிறது, விடியற்காலை வண்டியில் அனுப்புகிறேன், உங்கள் கடையில் வைத்து விற்றுக்கொள்ளுங்கள் என்றார். விவசாயிக்கு மட்டும்தானே அங்கே இடம் என்று தெய்வாத்தாள் கேட்டாள். அட்டை உங்களுடையது, சரக்கு என்னுடையது, அங்கே பத்துக் கடையில் இப்படித்தான் ஓடுகிறது, யார் கேட்டார்கள் என்றார் அவர்.

மறுநாள் தெய்வாத்தாள் கடையில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் இருந்தது. ஏழரைக்குத் தீர்ந்தது. இரண்டாம் நாளும் தீர்ந்தது. அவள் யாரிடமும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பக்கத்தில் கலாமணியின் கடை இருந்தது. அவள் கீரையும் மழையில் போயிருந்தது. கலாமணி வெறும் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். தெய்வாத்தாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மூன்றாம் நாள் கலாமணி எழுந்து, ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, தெய்வாத்தாள் கடை வரிசையில் வந்து நின்றாள். முன்னால் ஹனீபா பாய் நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாய் வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் கலாமணி பையை நீட்டினாள்.

“கால் கிலோ கேரட்டுங்க்கா.”

தெய்வாத்தாள் எடை போட்டாள்.

“இது எந்தப் பாத்தி?”

தெய்வாத்தாளின் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. அந்த ஊர் வெயிலில் கேரட் விளையாது. அது சந்தையில் எல்லோருக்கும் தெரியும். ஹனீபா பாய் தன் பைக்குள் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நம்ம அம்மா ஊட்டியில பாத்தி வாங்கிட்டாங்க போல.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். தெய்வாத்தாளுக்கு மட்டும் முகம் எரிந்தது. கலாமணி சிரிக்கவில்லை. பையை மடித்துக்கொண்டு தன் சாக்குக்குப் போய்விட்டாள். கேரட் தட்டிலேயே கிடந்தது.

கூட்டம் கலைந்ததும் தெய்வாத்தாள் அவள் முன்னால் போய் நின்றாள்.

“பத்துப் பேருக்கு முன்னால கேக்கோணுமா அம்மிணி? என்ற மண்ணு போயிரும். உனக்கென்ன, முப்பது சென்ட்ட எவன் வந்து தோண்டப் போறான்? நான் என்ன பண்றதுன்னு நீயே சொல்லு.”

கலாமணி நிமிர்ந்து பார்த்தாள்.

“நாளைக்கு உங்க தோட்டத்துல என்ன வரும்?”

“ஒண்ணும் வராது.”

“அதையே கொண்டாங்க.”

விடியற்காலை காளியண்ணனின் வண்டி வந்தபோது தெய்வாத்தாள் சந்தை வாசலில் நின்று, சரக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். பிறகு தராசு வாங்கிக்கொண்டு போய், வெறும் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டாம் கடையும் இருபத்திமூன்றாம் கடையும் காலி.

வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். இல்லைங்க என்று தெய்வாத்தாள் சொன்னாள். முதல் பத்துப் பேரிடம் சொல்வதற்குள் நாக்கு வறண்டது. சிலர் பதில் முடிவதற்குள் அடுத்த கடைக்குப் போனார்கள். ஒரு பெண், அப்புறம் எதுக்கு உக்காந்திருக்கீங்க என்று கேட்டுவிட்டுப் போனாள். காவல்காரர் வந்து, சரக்கில்லாதவர்கள் இடத்தை அடுத்தவருக்கு விட வேண்டும் என்றார். அட்டை இருக்கிறது, தராசு வாங்கியிருக்கிறேன், பத்து மணிவரை இது என் இடம் என்று தெய்வாத்தாள் சொன்னாள். அவர் கலாமணியைப் பார்த்தார். கலாமணி தன் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

ஒன்பது மணிக்குக் காளியண்ணனே வந்தார். நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்.

“என்ன தங்கச்சி, காத்து விக்கறீங்களா?”

“ஆமாங்ண்ணா. வேப்பமரப் பாத்திக் காத்து. உங்களுக்கு எத்தனை கிலோ போடட்டும்?”

கலாமணி தட்டுக்குமேல் குனிந்துகொண்டாள். காளியண்ணன் சிரித்தபடியே, தை இரண்டாம் தேதி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தொன்பது நாள் அப்படி உட்கார்ந்தார்கள். ஒரு நாள்கூட விடவில்லை. ஹனீபா பாய் தினமும் வந்தார். வேறு கடையில் வாங்கிக்கொண்டு வந்து, பையைப் பின்னால் மறைத்தபடி, ஒவ்வொரு பாத்தியாக விசாரித்தார். கிணற்றடியில் தண்ணீர் வடிந்துவிட்டதா, தொட்டிப் பாத்தியில் திரும்ப விதைத்தார்களா, மாமா விழுந்த பாத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டார். தெய்வாத்தாள் ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். பிறகு இன்னும் சிலர் நின்று கேட்டார்கள். பாதிப்பேர் நிற்கவில்லை. அவர்கள் போனது போனதுதான்.

இருபதாம் நாள் பன்னிரண்டு கட்டுச் சிறுகீரை வந்தது. ஹனீபா பாய் ஒரு கட்டை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

மார்கழி முடிவதற்குள் பதினாறு பாத்திக்கும் பெயர் வந்துவிட்டது, பதினாறும் திரும்பப் பச்சைக்கு வந்தன. ஆனால் காலியாக உட்கார்ந்த நாட்களை யாரும் திருப்பித் தரவில்லை. வீட்டில் இருந்த இரண்டு மாட்டில் ஒன்றை விற்றுத்தான் மார்கழியை ஓட்டினார்கள். சந்தையில் விற்றே குடும்பத்தை நடத்துவதாகப் பேச்சு. பேச்சுப்படி பார்த்தால் தெய்வாத்தாள் தோற்றுவிட்டாள். நாச்சிமுத்து அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாடு கட்டியிருந்த முளையைப் பிடுங்காமல் விட்டிருந்தார்.

தை முதல் நாள் பொங்கல் வைத்த கையோடு தெய்வாத்தாள் கலாமணி வீட்டுக்கு நடந்தாள். அதுவரை அவள் அந்த வீட்டுக்குப் போனதில்லை. கலாமணி கீரைப் பாத்தியில் குந்தியிருந்தாள்.

“நாளைக்கு பொக்லைன் வருது அம்மிணி. நான் அது முன்னால படுத்துக்கட்டுமா?”

“யாரு வாக்குக் குடுத்தது?”

“அவருதான்.”

“அப்ப எந்த எடத்துல தோண்டறதுன்னு அவரே கை நீட்டிக் காட்டட்டும். நீங்க வாயத் தொறக்காதீங்க.”

“அவரு காட்டிட்டா?”

கலாமணி ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் போட்டாள்.

இரண்டாம் தேதி காலையில் பொக்லைன் வந்தது. காளியண்ணன் முன்னால் பைக்கில் வந்தார். தெய்வாத்தாள் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

எங்கே ஆரம்பிக்கலாம் என்று காளியண்ணன் கேட்டார். நாச்சிமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

“இங்க வெச்சுக்கலாமா?” என்றார் காளியண்ணன்.

“அது கன்னுக்குட்டி கட்டற பாத்திங்க. அவரை பூவெடுத்திருக்குது.”

“செரி, அதுக்கு இந்தப் பக்கம்?”

“தொட்டிப் பாத்தி. பாய் வெள்ளிக்கெழமைக்கு சொரக்கா சொல்லியிருக்கறாரு.”

“எந்தப் பாய்?”

“தையக்கடைப் பாயிங்க.”

காளியண்ணன் மூச்சை இழுத்துவிட்டார். பத்து அடி நடந்து, காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார்.

“இது?”

நாச்சிமுத்து அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அது நான் விழுந்த எடமுங்க.”

பொக்லைன் ஓட்டி வந்தவன் சிரித்துவிட்டான். காளியண்ணன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

“நாச்சிமுத்து, வாக்குக் குடுத்தீங்க.”

“குடுத்தேனுங்க. மேக்கால இருக்கற ரெண்டு ஏக்கராவத் தர்றேன்னு சொன்னேன்.” அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “இப்ப அப்படி ரெண்டு ஏக்கரா இங்க இல்லீங்களே. நானும் தேடிப் பாக்கறேன்.”

காளியண்ணன் சத்தம் போட்டார். வாக்குத் தவறினவன் தோட்டத்துக் காய் இனி எந்த மண்டிக்கும் போகாது என்றார். மண்டிக்குப் போய் ஏழு மாசமாச்சு என்று நாச்சிமுத்து சொன்னார். வண்டி வந்துவிட்டது, வெறுமனே திருப்ப முடியாது, ஒரு லோடுக்காவது இடம் காட்டுங்கள் என்றார் காளியண்ணன்.

நாச்சிமுத்து நாலு பக்கமும் பார்த்தார். பிறகு கையை நீட்டி வடமேற்கு மூலையைக் காட்டினார்.

“அந்த மூலைய வேணா எடுத்துக்குங்க. அதுக்குப் பேரில்ல.”

காளியண்ணன் அங்கே போய் மண்ணைக் கிளறிப் பார்த்தார். சரளைக்கல். செங்கலுக்கு ஆகாது. கையைத் தட்டிக்கொண்டு வந்து பைக்கை எடுத்தார். வருகிற ஐப்பசிக்கும் மழை பெய்யும், அப்போது பார்ப்போம் என்று சொன்னார். பொக்லைன் திரும்பும்போது வெண்டைப் பாத்தியின் ஓரத்தை நசுக்கிவிட்டுப் போனது. நாச்சிமுத்து குனிந்து ஒவ்வொரு செடியாக நிமிர்த்தி மண் அணைத்தார்.

மறுநாள் தெய்வாத்தாள் சந்தைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கிரேட்டை இறக்குவதற்கு முன்பே கலாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை அழுதாள். ஒரு தடவை சிரித்தாள். கலாமணி கீரைக்குத் தண்ணீர் தெளித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பதினாறு பாத்தியில ஒண்ணக்கூட காட்டல அம்மிணி. ஒண்ணக்கூட.”

“எதையுமே காட்டலையா?”

“அந்த வேலியோரத்து மூலைய மட்டும் கை நீட்டிக் காட்டுனாரு. அது கெடக்குது. வெறும் கல்லு. அதுல ஒண்ணும் வராது.”

கலாமணி கையைத் துடைத்துக்கொண்டாள். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பிரித்து, நாலைந்து பூசணி விதையைத் தெய்வாத்தாளின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இன்னைக்குப் போனதும் குழி எடுத்து, எருப் போட்டு, இதை அங்க ஊனுங்க.”

“அந்தக் கல்லுலயா? நல்ல பாத்தி பதினாறு இருக்குதே அம்மிணி.”

“அதையெல்லாம் அவரு காட்டலையே, அக்கா. பேரில்லாத எடத்தத்தான காட்டுனாரு.”